கண்ணாடிமேல் ஒரு பத்திரம்

ஜெராக்ஸ் கடையில் பட்டனை அமுக்கினால் போதும் என்று நினைக்கிறவர்கள், சுரங்கத்துக்கு நிலம் போன ஊர்க்காரர்கள் பழைய பத்திரங்களோடு வந்து நிற்கும் நெய்வேலியில் ஒரு கடை வைத்துப் பார்க்க வேண்டும். இதே தொழிலில் இருக்கிறவர்களுக்கு என் படபடப்பு புரியும்.

எட்டு மடிப்பு

குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தை எட்டாக மடித்துக் கொண்டுவந்தார். கண்ணாடிமேல் விரிக்கும்போதே மடிப்பு விட்டு, சர்வே நம்பர் இருந்த துண்டு தனியாக வந்துவிட்டது. ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினேன். மூச்சை அடக்கிக்கொண்டு துண்டை அதன் இடத்தில் பொருத்தி நகல் எடுத்தேன். நிமிர்ந்தால், அவர் கண்ணை இறுக மூடியிருந்தார்.

"நம்பர் இருக்குதான்னு மொதல்ல சொல்லும்மா, அப்பறமா கண்ணத் தொறக்கறேன்."

பாதி உள்ளே, பாதி வெளியே

ஆரோக்கியமேரி அக்கா குவார்ட்டர்ஸ் பக்கம் கான்ட்ராக்ட் துப்புரவு வேலை பார்க்கிறவர். கூலி வேலை செய்த அவர் மாமியாருக்கு சர்க்கார் கொடுத்த மனைப்பட்டாவை லேமினேஷன் பண்ணச் சொன்னார். அந்த ஊரே சுரங்கத்துக்குப் போய்விட்டது. அந்தக் குடும்பத்துக்கு அங்கே இடம் இருந்தது என்பதற்கு இந்த ஒரு காகிதம்தான் சாட்சி. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பட்டா மெஷினுக்குள் பாதி போனபோது கரண்டு போனது. உருளைகள் கொதித்துக்கொண்டிருந்தன. மூடியைக் கழற்றி, உருளையைக் கையாலேயே திருப்பி வெளியே எடுத்தேன். ஓரம் பழுப்பேறியிருந்தது, பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

"மாமியாரு ஆஸ்பத்திரில கெடந்தப்பகூட நான் இப்பிடி வேண்டிக்கினது இல்லங்க."

போண்டா கடை

வேலு வடலூர்க்காரர். முதல் நாள் பத்திரத்தை நகல் எடுத்துப் போனவர், மறுநாள் காலை ஓடிவந்தார். அசலும் நகலும் இருந்த பையை பஸ்ஸில் விட்டுவிட்டாராம். பத்திர எண்கூட ஞாபகம் இல்லையாம். மதியம் நில இழப்பீட்டு விசாரணை.

முதலில் கோணலாக விழுந்த ஒரு நகலை நான் கழிவுத்தாளில் போட்டது நினைவு வந்தது. அந்தக் கட்டு அன்று காலைதான் பக்கத்து போண்டா கடைக்குப் போயிருந்தது. இரண்டு பேரும் ஓடினோம். தாள் தாளாகப் புரட்டினோம். கிடைத்தது! ஓரத்தில் எண்ணெய், ஆனால் பத்திர எண் பளிச்சென்று தெரிந்தது. அதை வைத்து பதிவு அலுவலகத்தில் சான்று நகல் கேட்டுவிடலாம். வேலு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு மேல இருந்த தாள்லதான் இப்ப வடை கட்டிக் குடுத்தேன். ஒன் நெலம் தப்பிச்சிது, போ!"

ஊரார் பத்திரத்தையெல்லாம் தைரியமாக வாங்கிக் கண்ணாடிமேல் வைக்கிற எனக்கு, என் வீட்டுப் பத்திரத்தை பீரோவை விட்டு வெளியே எடுக்க மட்டும் இன்னும் தைரியம் வரவில்லை.