ஊத்து ஊற விடணும்

கடைசி போல்ட்டை இறுக்கிக்கொண்டே ஜெயசிங் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறார். "நாள் பூரா மோட்டார ஓட விட்டா தண்ணி எங்கன இருந்துவே வரும்? மாட்டையே ரெண்டு நேரந்தான கறக்கீரு. ஊத்து ஊற விடணும்வே." வீட்டுக்காரர் தலையைச் சொறிகிறார். சங்கரன்கோவிலில் மோட்டார் பழுது பார்க்க வேறு ஆளும் உண்டு. ஆனாலும் திட்டு வாங்கிக்கொண்டு இவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

வயது ஐம்பத்தாறு. ஒல்லி உடம்பு, எண்ணெய்க் கறை போகாத நகங்கள், சட்டைப்பையில் எப்போதும் இரண்டு ரப்பர் வாஷர். தண்ணீர் விஷயத்தில் எதிராளி கேள்வியை முடிக்க விட மாட்டார். பாதியிலேயே பதில் வந்துவிடும். வீட்டிலும் அப்படித்தான். மோட்டார் சுவிட்சைக்கூட மனைவி சுகிர்தாவைத் தொட விடுவதில்லை.

முன்பு பஞ்சாயத்து யூனியனில், பக்கத்துத் திருவேங்கடம் வட்டாரத்தில், அடிபம்பு மெக்கானிக்காக இருந்தார். அந்தக் கைவேலையை நம்பி ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் அவரைச் சூடானுக்கு அழைத்துப் போனது. சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள் தங்கியிருந்த முகாமில் தண்ணீர் அவர் பொறுப்பு. "திருவேங்கடத்துல நிக்க அதே பம்புதான் அங்கனயும் நிக்கி. அதே ராடு, அதே வாஷர். நமக்கு என்ன பயம்?" என்பார்.

திருவேங்கடத்துப் பக்கம் அவர் பார்த்த சில கரிசல் ஊர்களில், கோடையில் பகல் பதினொன்றுக்கு அடிபம்பின் கைப்பிடியைச் சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள். ஊத்து ஊறியதும் நாலு மணிக்குத் திறப்பார்கள். சாவி யாராவது ஒரு பெண்ணிடம் இருக்கும். அந்த வழக்கத்தை ஜெயசிங் முகாமுக்குக் கொண்டுபோனார். முதலில் சண்டைக்கு வந்த பெண்கள், சேறாக வந்த தண்ணீர் தெளிந்ததும் சமாதானமானார்கள். பூட்டைக்கூட சங்கரன்கோவிலில் பார்த்துப் பார்த்து வாங்கிக்கொண்டு போயிருந்தார். பெரிய அதிகாரிகள் வந்து படமெடுத்த கதையை ஒரு காலத்தில் ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தார். இப்போது யாராவது கேட்டால், "அத விடும்வே" என்கிறார்.

நிதி நின்றதும் நிறுவனம் மூட்டை கட்டிவிட்டது. ஜெயசிங்கும் ஊர் திரும்பினார். முகாமில் அவரிடம் வேலை பழகிய ஹாலிதா என்ற பெண்ணிடம் பம்பும் சாவியும் போயின. அவள் போனில் சந்தேகம் கேட்பாள், இவர் அரைகுறை ஆங்கிலத்திலும் அதைவிட அரைகுறை அரபியிலும் பதில் சொல்வார்.

போன மார்ச்சில் சண்டை முகாமின் பக்கம் திரும்பியது. ஒருநாள் ஹாலிதா பம்பைப் பூட்டிய கொஞ்ச நேரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்க, முகாமே கலைந்து ஓடியது. சாவியோடு அவளும் ஓடினாள். பக்கத்து ஊர்களிலிருந்து வெயிலில் நடந்தே தப்பி வந்தவர்கள் உச்சிப்பொழுதில் வந்துசேர்ந்தபோது ஆளில்லாத முகாமும் பூட்டிய பம்பும்தான் இருந்தன. கல்லால் அடித்திருக்கிறார்கள். பூட்டு நல்ல பூட்டு. கைப்பிடிதான் உடைந்தது. மறுநாள் ஹாலிதா திரும்பி வந்தபோது பம்படியில் ஏழு பேர் இறந்துகிடந்தார்கள். அதில் நாலு பேர் பிள்ளைகள்.

அவள் அதைக் குறையாக எழுதவில்லை. கைப்பிடியை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டுவிட்டு, கடைசியில் இதையும் எழுதியிருந்தாள். ஜெயசிங் பதினோரு நாள் போனிலேயே சொல்லிக்கொடுத்துப் பம்பை ஓட வைத்தார். பிறகு மூன்று வாரம் படுத்த படுக்கைதான். சுகிர்தா பாஸ்டரை அழைத்து வந்தாள். "பூட்டச் சொன்னது நான்லா, ஐயரே," என்றார் ஜெயசிங் அவரிடம். பாஸ்டர் ஜெபம் செய்தார், காபி குடித்தார், போய்விட்டார். வேறு என்ன செய்வார், பாவம். இந்த நினைப்பு எதிரிக்கும் வரக்கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது ஹாலிதாவின் செய்தி வந்தது. புதிதாக மூவாயிரம் பேர் வந்திருக்கிறார்கள். மதியத்துக்குள் பம்பில் சேறு வருகிறது. அதைக் குடித்த பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, நேற்று இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. வழியில் இன்னும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மறுபடி பூட்டலாமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறோம்.

அவர் வாய்விட்டுப் படித்ததைக் கேட்ட சுகிர்தா, "வாரவங்களுக்குன்னு ஒரு பானைல எடுத்து வச்சிட்டுப் பூட்டச் சொல்லுங்களேன்," என்றாள்.

"மூவாயிரம் பேரு நாக்கு வறண்டு நிக்கைல பானைல தண்ணி இருக்குமாட்டி?"

"அப்போ சாவி வச்சிருக்கவ அங்கனயே நிக்கட்டும்."

"சுட வாரான். ஓடாத, நில்லுன்னு நான் இங்கன சோறு தின்னுக்கிட்டுச் சொல்லவா?"

அவர் பதில் எழுதினார், அழித்தார். மறுபடி எழுதி, அதையும் அழித்தார். குரல் பதிவை அழுத்திப் பிடித்து "ஹாலிதா" என்றார். விரலை எடுத்துவிட்டார்.

"நீ சொல்லுட்டி," என்று போனை மனைவியின் கையில் திணித்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.