உருளாத சக்கரமும் உருண்டைக் கொக்கியும்

ஃபிஃப்த் வீல் என்றதும் ஐந்தாவதாக ஒரு சக்கரத்தைத் தேடுகிறவர்கள் தேடலை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். அப்படி ஒன்று கிடையாது. கன்டெய்னர் இழுக்கும் பிரைம் மூவர் என்ற முன்வண்டியின் முதுகில், ஓட்டுநருக்குப் பின்னால், கிரீஸ் பூசிய வட்டத் தட்டு ஒன்று இருக்கும். டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முளை அதன் வாய்க்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். உருளாது, ஓடாது. வேலையே செய்யாமல் நாற்காலிக்கு ஏற்ற பெயரை வாங்கி வைத்துக்கொண்டிருக்கும் ஆட்களை நாம் பார்த்ததுண்டு. ஆனால் இந்தத் தட்டு முப்பது டன்னைத் தாங்கும் என்பதால் அதை மன்னித்துவிடலாம்.

இந்தத் தட்டைக் கமலநாதன் முப்பத்தொரு வருஷம் நம்பினார். மனைவி சந்திரகலாவை நம்பவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. நம்பிப் பார்க்கும் அளவுக்கு அவர் வீட்டில் இருந்ததில்லை.

மலேசியாவின் துறைமுக ஊரான போர்ட் கிள்ளானில் அவருக்குக் கோஸ்தான் கமல் என்று பெயர். வண்டியைப் பின்னால் எடுப்பதை அங்கே கோஸ்தான் என்பார்கள். நாற்பதடி டிரெய்லரை ஒரே கோஸ்தானில், சுவருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டு, தலையணைக்கு உறை போடுவதுபோலச் செருகிவிடுவார். இன்னொரு பழக்கமும் அவரிடம் உண்டு. டிரெய்லரைப் பூட்டியதும் அதன் பிரேக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, முன்வண்டியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது தொழில் வழக்கம். பூட்டு விழுந்திருந்தால் வண்டி நகராது. எல்லோரும் ஒருமுறை இழுப்பார்கள். கமலநாதன் மூன்று முறை இழுப்பார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் ஹாரன் அடித்துக் கெட்ட வார்த்தையில் வாழ்த்துவார்கள். அவர் மூன்றாவதையும் இழுத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

அறுபத்திரண்டு வயதில் வேலையை விட்டு வீட்டுக்கு வந்தபோது இந்தப் பழக்கமும் கூடவே வந்தது. கேட்டைப் பூட்டி மூன்று முறை இழுத்தார். கேஸ் குழாயை மூன்று முறை இழுத்தார். குளிர்பெட்டிக் கதவை இழுத்ததில் உள்ளே முட்டை மூன்று உடைந்தது.

"அது என்னங்க கன்டெய்னரா, ஓடிப்போறதுக்கு?" என்றார் சந்திரகலா.

கிள்ளானில் ஒரு கிளினிக்கின் முன்மேசையில் இருபத்தேழு வருஷம் உட்கார்ந்து, அழும் குழந்தைகளையும் அதைவிடச் சத்தமாக அழும் தகப்பன்மார்களையும் வரிசையில் உட்கார வைத்தவர் அவர். தனியாகவே ஒரு பெண்ணை வளர்த்து ஜொகூரில் கட்டிக்கொடுத்தவர். அவருடைய சமையலறையில், எது அடிக்கடி வெளியே போகுமோ அது வாசல் பக்கம் நிற்கவேண்டும் என்று கமலநாதன் மசாலா டப்பாக்களைக் கப்பல் சரக்குபோல மாற்றி அடுக்கிய நாளில், சந்திரகலா வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரோகிணி கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. பிள்ளையைப் பாத்துக்க ஆளில்லையாம். இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். நான் ஜொகூருக்கே போயிடலாம்னு பாக்குறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"எத்தனை நாளைக்குன்னு நீங்க கேக்குறீங்க!"

 தொழிலில் வார்த்தை முட்டிக்கொண்டால் வண்டியைக் கிளப்பிவிடுவது கமலநாதனின் வழக்கம். வீட்டில் கிளப்ப ஒன்றுமில்லை. ஆகவே மறுநாள் காலை தோசைக்கு நடுவில் சொன்னார்: "கேரவன் ஒண்ணு வாங்குவோம். நீயும் நானும். ஊர் ஊரா."

சந்திரகலா கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டார். "நானும் வந்து பாக்குறேன். எனக்கு ஒத்துவரலேன்னா ஜொகூர். பேச்சு மாறக்கூடாது."

கேரவன்களில் இரண்டு வகை. ஒன்று ஃபிஃப்த் வீல் கேரவன். அதன் மூக்கு பிக்கப்பின் முதுகில் ஏறி, பிரைம் மூவரில் இருப்பதுபோன்ற அதே தட்டில் உட்காரும். இன்னொன்று சாதாரணக் கேரவன். அது பிக்கப்பின் பின்னால், வாலில் துருத்திக்கொண்டிருக்கும் இரும்பு உருண்டையில் மாட்டிக்கொண்டு வரும். கமலநாதன் முதல் வகையைத் தவிர வேறெதையும் யோசிக்கவே இல்லை.

"பாரம் முதுகுல உக்காரணும்டா. வால்ல தொங்கக்கூடாது," என்றார் டீக்கடையில்.

கூடவே வண்டி ஓட்டிய விஜயன், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். "முப்பது வருஷம் இழுத்தது பத்தலையா லா உனக்கு? இப்ப வீட்டையும் இழுக்கப் போறியா? சரி, யாரு உனக்கு கெலிண்டான்?"

லோரியில் ஓட்டுநருக்கு உதவியாக, கண்ணாடி பார்த்து, பின்னால் இறங்கி நின்று கைகாட்டும் ஆள்தான் கெலிண்டான்.

"கலாதான்."

"செத்தடா நீ," என்றார் விஜயன்.

சனிக்கிழமை கணவனும் மனைவியும் டெங்கிலுக்குப் போனார்கள். அங்கே ஓய்வுபெற்ற நில அளவையாளர் அந்தோனிப்பிள்ளை தன் ஃபிஃப்த் வீலை விற்கிறார். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டிருந்த பெரியவர், வாசலிலேயே நின்றார்.

"வாங்கோ, வாங்கோ. செம்பனைத் தோட்டத்துத் தூசி கொஞ்சம் இருக்கு. துடைச்சால் போயிடும்."

கமலநாதன் கேரவனைப் பார்க்கவில்லை. நேராகப் போய்த் தட்டைப் பார்த்தார். விரலால் கிரீஸைத் தொட்டு முகர்ந்தார். முப்பத்தொரு வருஷம் அவர் சட்டையில் இருந்த வாசம். அவர் முகத்தில் அன்று முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. உள்ளே அடுப்பு, குளிர்பெட்டி, சோபா, குளியலறை எல்லாம் இருந்தன. படுக்கை மட்டும் மேலே, பிக்கப்பின் முதுகுக்கு மேல் நீண்டிருக்கும் மூக்குப் பகுதியில் இருந்தது. ஏற நான்கு படிகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம்.

சந்திரகலா ஏறினார். முதல் படியில் இடது கால். இரண்டாவதில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கைகளையும் ஊன்றித் தவழ்ந்தார். கமலநாதன் பக்கக் கண்ணாடியில் உலகத்தைப் பார்த்துப் பழகியவர். எதிரே தொங்கிய முகக்கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார்.

"நல்லா இருக்கு," என்றார் சந்திரகலா மேலிருந்து. மூச்சு வாங்கியது. "ராத்திரி மட்டும் நான் கீழ சோபாவுல படுத்துக்கிறேன். ஒண்ணும் பிரச்சனையில்ல."

"எங்கட வீட்டிலயும் அப்படித்தான்," என்றார் அந்தோனிப்பிள்ளை உற்சாகமாக. "என்ர மனுசி குணபூசணிக்கு மேல ஏறேலாது. அவ கீழ, நான் மேல. படுத்துக்கொண்டே போனில கதைப்பம்."

"ரெண்டு பேரும் இதுக்குள்ளேயே இருந்துக்கிட்டா?" என்றார் சந்திரகலா.

"பின்னை? சத்தமாக் கதைச்சால் பக்கத்து ஆக்களுக்குக் கேட்கும்."

"அக்கா இப்ப எங்க இருக்காங்க, சார்?"

பெரியவர் கிரீஸ் தட்டைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கத் தேவையே இல்லை. "மகளோட மெல்பர்னில. போய் ரெண்டு வருஷம். இப்பவும் போனிலதான் கதைக்கிறம்."

சாதாரணக் கேரவன் ஒன்றையும் பார்த்துவிடலாம் என்று பிக்கப் பூச்சோங் பக்கம் திரும்பியது. கமலநாதனுக்கு ஒரு கணக்கு தானாக ஓடியது. இத்தனை வருஷம் அவர் வண்டிக்குள் சுருண்டு தூங்கினார், அவள் வீட்டில் தூங்கினாள். இனி இருபத்தெட்டு அடி நீளத்துக்குள் அவர் மேலே தூங்குவார், அவள் கீழே தூங்குவாள். தூரம் குறைந்ததைத் தவிர வேறு முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை.

பூச்சோங்கில் நஸ்ரின் என்ற முப்பது வயதுப் பெண் சாதாரணக் கேரவன்களை விற்கிறாள். தலையில் முக்காடு, கையில் ஸ்பேனர். சந்திரகலா ஒரே ஒரு படி ஏறி உள்ளே போனார். தரை முழுக்கச் சமமாக இருந்தது. படுக்கை முழங்கால் உயரத்தில் இருந்தது. அதன் ஓரத்தில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். அந்த நீட்டிய கால்தான் கமலநாதனைக் கொன்றது.

கமலநாதன் வெளியே வந்து, பட்டறை மேசையில் இருந்த கொக்கி உருண்டையைப் பார்த்தார். ஆரஞ்சுப் பழத்தைவிடச் சிறியது.

"இதுல மாட்டி... அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அங்கிள். மேல கவுத்து, லீவரை அமுக்கி, பின்னைப் போட்டு, சங்கிலி ரெண்டையும் மாட்டிடணும்."

"ஆடுமா?"

"ஆடும் லா. பொய் சொல்ல மாட்டேன். பெரிய லோரி பக்கத்துல போனா ஆடும். பாரத்தை முன்பக்கம் வைங்க, மெதுவா போங்க. ஆடுச்சுன்னா பிரேக்கை மட்டும் மிதிச்சிடாதீங்க, காலை எடுத்துடுங்க. தானா நிக்கும்." அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன அங்கிள், இப்படி வேர்க்குது? அங்கிள் கன்டெய்னர் ஓட்டினவர்னு ஆன்டி சொன்னாங்களே?"

"அது வேற," என்றார்.

ஆனாலும் அடுத்த சனிக்கிழமை, நஸ்ரினின் பட்டறையில் உருண்டைக் கொக்கி பொருத்திய பிக்கப்போடு அவர் வந்து நின்றார். வாங்குவதற்கு முன்னால் கிள்ளான்வரை இழுத்துப் பார்த்துவிட்டு மறுநாள் திருப்பிக் கொண்டுவரலாம் என்பது பேச்சு. பூட்டினார். மூன்று முறை இழுத்தார். இறங்கிப் போய்ப் பின்னைத் தொட்டுப் பார்த்தார். ஏறினார். மறுபடி இறங்கினார்.

"அங்கிள், பின்னால வண்டி நிக்குது," என்றாள் நஸ்ரின்.

எல்.டி.பி. நெடுஞ்சாலையில் இடது ஓரமாகப் போனார்கள். மோட்டார் சைக்கிள்கள்கூட அவர்களை முந்திக்கொண்டு போயின. சந்திரகலா சீட்டுக்கு அடியிலிருந்து முறுக்கு டப்பாவை எடுத்தார். கமலநாதன் வேண்டாம் என்று தலையை அசைத்தார். சுங்கை வே நெருங்கும்போது வலதுபக்கக் கண்ணாடி முழுவதும் ஒரு கன்டெய்னர் லோரி வந்தது. அவர் காலமெல்லாம் ஓட்டிய அதே மாதிரி வண்டி. ஓட்டியவனுக்கு என்ன அவசரமோ, விர்ரென்று கடந்தது. காற்று அடித்தது. பின்னால் கேரவன் நாய் வாலை ஆட்டுவதுபோல ஓர் ஆட்டம் ஆடியது. பிக்கப்பின் பின்பாகமும் கூடவே இழுபட்டது. காலை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று ஆட்டம். நின்றது.

அவர் வண்டியை ஓரம் கட்டினார். கைகள் ஸ்டீயரிங்கைவிட்டு வரவில்லை.

"நெஞ்சு வலிக்குதா?" கிளினிக் குரலில் கேட்டார் சந்திரகலா.

"இல்ல."

"பின்ன என்ன? நின்னுடுச்சே."

கமலநாதன் எதிரே பார்த்துக்கொண்டே சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால், இருபத்து மூன்று வயதில், கல்யாண வீடுகளுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் கடையில் வேன் ஓட்டினார். பின்னால் சின்ன டிரெய்லர், இதே மாதிரி உருண்டை. மணமகன் வீட்டார் அவசரப்படுத்தினார்கள். லீவர் விழுந்ததா என்று பார்க்கவில்லை. சங்கிலி போடவில்லை. கிள்ளான் பாலத்து இறக்கத்தில் டிரெய்லர் கழன்று, வேனை முந்திக்கொண்டு போனது. கீழே நடைபாதையில் ஒருவர் ஆறு வயது மகளைக் கைப்பிடித்து நடந்துகொண்டிருந்தார். அந்த நொடியில் பிள்ளை குனிந்து எதையோ எடுப்பதற்காகக் கையை விட்டது. டிரெய்லர் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் போய்ச் சுவரில் இடித்து நின்றது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. அந்த ஆளு என்னை அடிக்கட்டும்னு நின்னேன். அடிக்கல. திட்டவும் இல்ல. என்னைப் பாத்தாரு, பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாரு. அடிச்சிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

லோரிகள் ஒவ்வொன்றாகக் கடந்தபோது பிக்கப் லேசாக அசைந்தது.

"அதனாலதான் தட்டு வேணும்னீங்களா?"

அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப முட்டை உடைஞ்சது?"

"அதுவும்தான்."

சந்திரகலா முறுக்கு டப்பாவை மூடினார். "கல்யாணம் ஆகி இத்தனை வருஷமா எங்கிட்ட சொல்லல. கேட்டையும் கேஸையும் இழுத்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கீங்க. நான் உங்களுக்கு மூளை கலங்கிப் போச்சோன்னு டாக்டர்கிட்ட கேட்டேன், தெரியுமா?"

"என்ன சொன்னாரு?"

"ரிட்டயர் ஆன ஆம்பளைங்க எல்லாருக்கும் அப்படித்தான்னாரு." சந்திரகலா கதவைத் திறந்தார். "அந்தப் பிள்ளைக்கு இப்ப நாற்பத்தஞ்சு வயசு இருக்கும், இல்ல? நல்லா இருக்கட்டும்."

"கலா, இறங்காத. வண்டிங்க வருது."

அவர் கேட்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை முதலில் ஊன்றி இறங்கினார். புல் பக்கமாகவே நடந்து பின்னால் போய்க் கொக்கிக்கு எதிரே ஒதுங்கி நின்றார். பின்னைத் தொட்டார். இரண்டு சங்கிலிகளையும் எண்ணினார். கேரவன் சக்கரங்களுக்கு அடியில் நஸ்ரின் கொடுத்த கட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தார். அதற்காகக் குனியும்போது அவர் முகம் சுளிப்பது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது.

"மெதுவா இழுங்க!"

இழுத்தார். நகரவில்லை.

"இன்னொண்ணு!"

மூன்றாவது முறை இழுத்ததும் கமலநாதன் கழுத்தை வெளியே நீட்டினார். "போதும், ஏறு."

"நாலாவது ஒண்ணு இழுங்க. அது எனக்கு."

இழுத்தார். கொக்கி அசையவில்லை. சந்திரகலா கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கமலநாதன் கையை நீட்டி முறுக்கு டப்பாவைத் திறந்தார். எதையும் மறைக்க இனி அந்த வண்டிக்குள் இடமில்லை.

கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் ரோகிணி ஜொகூரிலிருந்து கூப்பிட்டாள். சந்திரகலா ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, மாசம் முடியப் போகுதும்மா. முடிவு பண்ணிட்டீங்களா, இல்லையா?"

சந்திரகலா இடதுபக்கக் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதில் கேரவனின் வெள்ளை விளிம்பு லேசாக ஆடி, மறுபடி நேராகிக்கொண்டிருந்தது.

"இப்பதான் சுங்கை வே தாண்டியிருக்கோம்டி. கிள்ளானுக்கே இன்னும் வரல. போனை வை, நான் கண்ணாடி பாக்கணும். உங்கப்பா ஓட்டுறாரு."