என் கொலுசில் செய்த மெடல்

எங்கள் காலத்தில் நாடகக்காரர்களுக்கு ஆட்டத்தின் நடுவிலேயே மெடல் குத்துவார்கள். யாராவது மெடலோடு மேடை ஏறினால் ஆர்மோனியம் நின்றுவிடும். உருவிய கத்தியோடு நிற்கிற ராஜா மெடலை வாங்கிக் குத்திக்கொண்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வார்.

கிள்ளானில் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டு ஆடியபோதுதான் அந்தம்மாவை முதலில் பார்த்தேன். ராஜா வேஷம் கட்டுகிற பெண். நான் கல்யாணமாகிக் கப்பலில் வந்த புதிது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீட்டில் பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்தச் சுவரில் பல்லிகூட எங்கள் ஊர்ப் பல்லி மாதிரி கத்தாது. அந்தம்மா பாட ஆரம்பித்ததும் அழுதேன், கோமாளியை விரட்டியபோது சத்தம் போட்டுச் சிரித்தேன். இந்த ஊருக்கு வந்து அதுதான் என் முதல் சிரிப்பு. நாட்டை இழந்து பிச்சை எடுக்கிற காட்சியிலும் அவர் மார்பு நிறைய மெடல் மின்னியது. அதில் என்னுடையதும் ஒன்று இருக்க வேண்டும், என் கையாலேயே குத்த வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

"ஏ புள்ள, அதெல்லாம் ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணிமாருங்க செய்யிறது. நீ மேடையேறினா நான் வேலை பாக்குற செந்தூல் பட்டறை வரைக்கும் சிரிப்பாங்க" என்றார் வீட்டுக்காரர்.

"சிரிக்கட்டும். சிரிக்கத்தானே கொட்டகைக்கு வர்றாங்க?"

சின்ன வயதுக் கொலுசை உருக்கி மயில் வைத்த மெடல் செய்யச் சொல்லிப் பத்தரிடம் கொடுத்தேன்.

"கோழி மாதிரில்ல இருக்கு, அண்ணே?"

"இருக்கிற வெள்ளிக்கு இவ்ளோதான் தோகை, தங்கச்சி. தூரத்துலேர்ந்து பாரு, மயிலேதான்."

மெடல் கைக்கு வருவதற்குள் நாடகக் கம்பெனி கப்பலேறிவிட்டது. மயில் அரிசிப் பானைக்குள் போனது. எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் அந்தம்மா பாட்டைக் கேட்டால்தான் தூங்கும். என் குரலில் கேட்டும் தூங்கியது அதுகளின் நல்ல குணம்.

பிறகு ஒருநாள் காய்கறி வாங்கப் போன பாசார் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எழுத்து எனக்குத் தெரியாது, முகம் தெரிந்தது. அந்தம்மாவேதான்! பேசும்படம் என்றார்கள். என்னவோ, ஆள் வந்துவிட்டார் என்று மெடலை முந்தானையில் முடிந்துகொண்டு கொட்டகைக்குப் போனேன்.

படத்திலும் ராஜாதான். ஆனால் மார்பில் ஒரு மெடலைக் காணோம்! "ஐயையோ, எல்லாத்தையும் வித்துத் தின்னுட்டாங்களா?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் என் வாயைப் பொத்தினார். இடைவேளையில் திரைக்கு முன்னால் போய் நின்றேன். டிக்கெட் கிழிப்பவர் ஓடி வந்தார்.

"என்னக்கா வேணும்?"

"அந்தம்மாவ வெளிய வரச்சொல்லுங்க. மெடல் குத்தணும்."

கொட்டகையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இது படம்க்கா. அவங்க ஊர்ல இருக்காங்க. ஆனா படம் நல்லா ஓடுதுல்ல, நாடகம் போட இங்கயும் வருவாங்கன்னு பேச்சு. பத்திரமா வச்சிருங்க."

அவர் சொன்னபடியே அந்தம்மா வந்தார். படத்தில் நடித்த முகத்தைப் பார்க்கக் கோலாலம்பூரே திரண்டது. இந்தத் தடவை வீட்டுக்காரரே, "போ புள்ள, அப்புறம் கப்பலேறிடுவாங்க" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினார். ஆர்மோனியம் நின்றது. கிட்டத்தில் பார்த்தால் அந்தம்மா என்னைவிடக் குள்ளம்! என் அவசரத்தில் ஊசி ஏறவில்லை.

"மெதுவா குத்துங்கக்கா, ராஜா எங்கயும் ஓடிடமாட்டாரு" என்று காதோடு சொன்னார்.

"படத்துல மெடல் ஒண்ணையும் காணோமே, தாயி?"

"படக்காரங்க போடக் கூடாதுன்னுட்டாங்க. அழுதுட்டே கழட்டி வச்சேன்." பிறகு என் மெடலைத் தடவிப் பார்த்தார். "மயிலா? அழகா இருக்குக்கா."

மயில் என்று அவராகவே சொன்னார்! கீழே இறங்கியதும் பத்தரைத் தேடினேன். முன்வரிசையில்தான் இருந்தார், மீசையை முறுக்கிக்கொண்டு.

அடுத்த காட்சியில் ராஜா நாட்டை இழந்து, கிழிந்த துணியோடு பிச்சைக்கு வந்தார். கொட்டகையே அழுதது. நான் மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். கந்தலுக்கு மேலே, எல்லா மெடலுக்கும் நடுவில், என் மயில்.