பாப்பா தூங்குது

எனக்கு ஒன்பது வயதில் காவல் வேலை கிடைத்தது. மணலூர்பேட்டைக்குப் பக்கத்து ஊரில், எங்கள் வீட்டு உள்ளறை வாசல்தான் என் இடம். உள்ளே அம்மாவும் பிறந்து சில நாளான பாப்பாவும் இருந்தார்கள். யார் வந்தாலும் "பாப்பா தூங்குது" என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பாப்பா ஆணா பெண்ணா என்று பார்த்ததும் சொல்ல முடியவில்லை, பெரிய டாக்டரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும் என்று பிரசவம் பார்த்த இடத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டை அப்பா அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்து வைத்தார். தெருவில் "இன்னா கொழந்த?" என்று கேட்டவர்களிடம் "நல்லா கீதுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். குளிப்பாட்ட வந்த அத்தையைக்கூட அம்மா உள்ளே விடவில்லை. ஊருக்குத் தெரிந்தால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவள் அழுதது என் காதில் விழுந்தது. யார் தூக்குவார்கள், எங்கே கொண்டுபோவார்கள் என்று தெரியாததால் எனக்குப் பயம் இன்னும் ஜாஸ்தியானது.

எட்டாம் நாள் பாப்பா குடித்த பாலையெல்லாம் கக்கியது. மறுநாள் அதன் அழுகை நின்றது. அதற்கடுத்த நாள் கிராம நர்ஸ் மறுபடியும் எடை பார்க்க வந்தார்.

"பாப்பா தூங்குது, சிஸ்டர்."

"நேத்தும் இதத்தான சொன்ன? எந்நேரமும் தூங்கிக்கினே இருக்குமா?" என்று முணுமுணுத்தபடி திரும்பினார்.

கதவிடுக்கில் பார்த்தேன். பாப்பாவின் உதடு வறண்டு, கண் பாதி செருகியிருந்தது. அம்மா அதையே பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். கதவைத் தள்ளித் திறந்து, "சிஸ்டர், தூங்கல! நான் பொய் சொன்னேன்!" என்று கத்தினேன். அம்மா ஓடிவந்து என் கன்னத்தில் அறைந்தாள்.

நர்ஸ் உள்ளே வந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டார். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். கரும்பு டிராக்டர் ஒன்று வழிவிடாமல் முன்னால் ஊர்ந்தது. நர்ஸின் மடியில் பாப்பா ஈரத் துணி மாதிரி கிடந்தது. செத்துப்போனால் பொய் சொன்ன நான்தான் காரணம் என்று நடுங்கினேன்.

ரத்தமும் ஸ்கேனும் பார்த்து, சில நாள் கழித்து டாக்டரம்மா சொன்னார்: "பொண்ணுதாங்க. உள்ள கர்ப்பப்பை இருக்கு. ஒரு சுரப்பி சரியா வேலை செய்யல, அதான் வெளிய வேற மாதிரி தெரியுது. உடம்புல உப்பு தங்காம இப்படி வாடிப்போனதும் அதாலதான். ஆயுசுக்கும் மாத்திரை குடுத்தா நல்லா இருப்பா. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா பொழைச்சிருக்க மாட்டா."

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அறைந்ததற்காக அழுகிறாள் என்று நினைத்து, "வலிக்கலம்மா" என்றேன்.

தங்கை இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். மாத்திரையை அவளே நினைவாகப் போட்டுக்கொள்கிறாள். அது தூக்கமில்லை என்று அம்மாவுக்கு நர்ஸ் வந்த அன்று காலையிலேயே தெரிந்திருந்தது. தெரிந்தும் ஏன் யாரையும் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள் என்பது ஒன்பது வயதில் எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு, அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.