வேற ஆரும் அழுவினமா?

கோவில் பாடகர் குழுவில் கிளமென்ட் அண்ணாவோடு எத்தனையோ வருடம் சேர்ந்து பாடியவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு முந்தி நான் எழுதுவதற்கு மன்னியுங்கள். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. எழுத மட்டும்தான் வரும்.

அவர் இறந்த செய்தி எனக்கு வேலையாகத்தான் வந்தது. வெள்ளவத்தையில் மரண அறிவித்தல்கள் அச்சிடும் எங்கள் கடையில் அவருடைய மேசைக்குப் பக்கத்து மேசை என்னுடையது. அன்று காலை அவர் வரவில்லை. கடை போனுக்கு ஓர் அறிவித்தல் வந்தது. உறவுமுறைகளை முதலில் அடித்துவிட்டுப் பெயருக்குப் போவது எங்கள் இருவரின் பழக்கம். 'அன்னார் மொனிக்காவின் அன்புச் சகோதரனும்' என்று அடித்து முடித்துப் பெயரைப் பார்த்தேன். நித்திரையிலேயே போயிருந்தார்.

அறிவித்தல் கொடுக்க வருகிற எல்லோரிடமும் கடைசியாக அவர் ஒன்று கேட்பார்: "வேற ஆரும் அழுவினமா?"

ஒருமுறை தகப்பனின் அறிவித்தலோடு வந்தவர், அதைக் கேட்டதும் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தார். "அப்பாவுக்கு அங்கால ஒரு ஆள் இருக்கிறா" என்றார்.

"பேர்?"

"ராணி. போட்டா மாமாமார் சண்டைக்கு வருவினம், அண்ணை."

"வரட்டும். அச்சுப் பிழை எண்டு சொல்லுங்கோ. ஏச்சு எனக்கு."

மாமாமார் வந்தார்கள். ஏசினார்கள். அவர் தலையைக் குனிந்து "பிழைதான், பிழைதான்" என்றார். அவர்கள் போனதும் சிரித்தார்.

கிளமென்ட் அண்ணாவும் நிமலும் பல வருடங்களாக ஒருவருக்கு ஒருவர் வாழ்க்கைத் துணை. நிமல் சிங்களவர், களனியில் இருக்கிறார். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க நங்கி. அவர் ஒளிச்சது இல்லதானே. ஒருத்தரும் கேக்கல்ல" என்றார், தன் மொழியில் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டு.

பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் அதைச் சொன்ன நாளிலிருந்து கிளமென்ட் அண்ணா நற்கருணை வாங்கவில்லை. கொட்டாஞ்சேனைக் கோவிலில் எல்லோரும் அதை வாங்க வரிசையில் போகும்போது அவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு வாங்கிலிலேயே இருப்பார். அவருக்குப் பின்னால் இருந்த வாங்கிலில் நானும் எழும்புவதில்லை. ஒரு ஞாயிறு அவர் எழும்பி வரிசையில் நின்றார். அடுத்த நாள் கடையில் ஏன் என்று கேட்டேன்.

"நற்கருணைக்கு முன்னால 'நான் தகுதியற்றவன்' எண்டு எல்லாரும் சேர்ந்துதானே சொல்லுறம், பிள்ளை. எனக்கு மட்டும் ஏன் அது மெய்யாக வேணும்?"

பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: "என்னை மாத்தும் மாத்தும் எண்டு எவ்வளவு மன்றாடினன். ஆண்டவர் மாத்தேல்ல. கைவிடவும் இல்ல. இப்ப நன்றி மட்டும்தான் சொல்லுறன்."

எனக்கும் அப்படித்தான், மனம் பெண்ணிடம்தான் போகிறது என்றேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் எடுத்தவள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிகிற பிள்ளை நான். இதை அவரைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தேத்தண்ணி குடிப்பமா?" என்றார். அவ்வளவுதான். இப்போது கடைப் பையனிடம் ஒரு தேத்தண்ணி போதும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. வாய் இன்னும் பழகவில்லை.

செத்த வீட்டில் நிமல் உள்ளே வராமல் ஒழுங்கையில், நிறுத்தியிருந்த ஆட்டோக்களுக்குப் பக்கத்தில் நின்றார். "நீங்க அவரோட ஒபிசில வேலை செய்யிறீங்களா?" என்று யாரோ கேட்டார்கள். "ஓம், தெரிஞ்ச ஆள்" என்றார். உள்ளே அழுகிறவர்களுக்குக் கதிரை போட்டிருந்தார்கள். வெளியே அவர் வெள்ளைச் சேட்டின் கைப் பொத்தானைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

அண்ணாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். அவருடைய மேசைக்கு வருகிறவர்களிடம் இப்போது நான் கேட்கிறேன்.

மொனிக்கா அக்கா, அதை உங்களிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை. முப்பத்தோராம் நாள் திருப்பலி அறிவித்தல் என் மேசைக்குத்தான் வரும். உங்கள் பெயருக்குப் பிறகு ஒரு வரி சேர்க்க விடுங்கள்: 'நிமலின் அன்புத் துணைவரும்'. திருப்பலியில் அவரை உங்கள் வாங்கிலில் இருத்துங்கள். யாரும் சண்டைக்கு வந்தால் அச்சுப் பிழை என்று சொல்லி என்னிடம் அனுப்பிவிடுங்கள். ஏச்சு எனக்கு.