பத்து மணிக்குப் படுத்துக்கொள்ளும் ரூட்டர்

ரூட்டர் நல்லா ஓடினா நம்மள ஒருத்தரும் நினைக்க மாட்டாங்க. நின்னா மட்டும் ஊரே நம்ம போனைத் தேடும். இந்தத் தொழில்ல மாட்டிக்கினு முழிக்கிற என் இனத்தாருக்கு இது புதுசா என்ன?

என் கடை திண்டிவனத்துல. கஸ்டமர் ஸ்டெல்லா, விழுப்புரம். வீட்லயே உக்காந்து ஒரு சென்னை கம்பெனிக்குக் கணக்கு வேலை பாக்குற பொண்ணு. பிரசவத்துக்கு முகையூர்ல அம்மா வீட்டுக்குப் போகணும். கம்பெனியோ விழுப்புரம் வீட்டு இணைப்புல வந்தாத்தான் உள்ள விடும். அதனால அந்த வீட்டு ரூட்டர்லயே விபிஎன் சர்வர் போட்டு, முகையூர்ல இருந்து அது வழியா வேலை செய்ய வைக்கணும். இல்லன்னா வேலை போச்சு.

கேட்டு வரைக்கும் வெளியூர்

எல்லாம் போட்டு முடிச்சேன். "வீட்டுக்குள்ள பாத்தா செல்லாதும்மா, வெளிய போய்ப் பாரு"ன்னேன். ஸ்டெல்லா கேட்டாண்ட போய் நின்னு, "கனெக்ட் ஆயிடுச்சுண்ணே!"ன்னுச்சு. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கினு பஸ் ஏறிட்டேன்.

முகையூர் போனதும் ஒண்ணும் வேலை செய்யல. கேட்டு வரைக்கும் அந்த வீட்டு வைஃபையே எட்டுதுன்னு என் மரமண்டைக்கு அப்பத்தான் உறைச்சுது. நிஜமான வெளியில இருந்து வர்ற வழியை நான் திறந்தே விடல. திறந்துட்டு போன் பண்ணா, "வெளியன்னா எவ்ளோ வெளியன்னு நீங்க சொல்லவே இல்லியேண்ணே!"

ஒரே நம்பர்

அடுத்து, கனெக்ட் ஆகும், ஆனா ஒரு பக்கமும் திறக்காது. மூணு நாள் மண்டையைப் பிச்சுக்கினேன். கடைசில பாத்தா விழுப்புரம் ரூட்டரும் முகையூர் ரூட்டரும் வீட்டுக்குள்ள ஒரே ஐபி முகவரியை வச்சிருக்கு. எது எந்த வீடுன்னு தெரியாம கம்ப்யூட்டர் திண்டாடுது. ஒண்ணை மாத்தினேன், சரியாயிடுச்சு.

முகையூர் வீட்ல மல்லாட்டைக் கடலை உரிச்சுக்கினே கேட்டுக்கினு இருந்த ஸ்டெல்லாவோட அப்பா சொன்னாரு: "ரெண்டு வூட்டுக்கு ஒரே கதவு நம்பர் போட்டா தபால்காரன் இன்னாப்பா பண்ணுவான்? இதுக்கா மூணு நாளு?"

பத்து மணி

அதுக்கப்புறம் புதுப் பேஜாரு. தினம் காலை பத்துக்கு லைன் அறும், பன்னெண்டுக்குத் தானா வரும். விழுப்புரம் ரூட்டரையே மாத்திப் பாத்தேன், அதுவும் பத்து மணிக்குப் படுத்துடுச்சு. கம்பெனிக்காரன், "திங்கக்கிழமை நாள் பூரா அறுபடாம இருக்கணும், இல்லன்னா வேற ஆள்"னுட்டான். ஸ்டெல்லா போன்லயே அழுதுச்சு.

பத்து மணிக்கு விழுப்புரம் வீட்டுக்கே நேராப் போய்ப் பாத்தா, ஸ்டெல்லாவோட மாமியார் மார்க்கெட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்சை அணைச்சுக்கினு இருக்காங்க. விஷயத்தைச் சொல்லிக் கும்பிட்டேன். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "ஆளே இல்லாத வூட்ல அதுக்கு எதுக்குப்பா கரண்டு?"ன்னாங்க.

திங்கக்கிழமை

அன்னைக்கு மாமியாரோட தங்கச்சி வீட்டுக் கல்யாணம், திருவெண்ணெய்நல்லூர்ல. கட்டாயம் மெயினை அணைச்சுட்டுத்தான் போயிருப்பாங்கன்னு பயந்து அடிச்சுப் பிடிச்சு ஓடினேன். கதவு திறந்திருக்கு. பட்டுப்புடவை, தலை நிறையப் பூவோட, ரூட்டருக்கு எதிர்ல சேர் போட்டு உக்காந்திருக்காங்க.

"கல்யாணத்துக்குப் போவலீங்களாம்மா?"

"மெயினை அணைக்காம வூட்டைப் பூட்ட எனக்கு மனசு வர்ல. அணைச்சா அவ வேலை பூடும். அதான் நானே குந்திக்கினேன். லைட்டு பச்சையாத்தான எரியுது தம்பி?"

சாயங்காலம் வரைக்கும் லைன் ஒரு தடவைகூட அறுபடல. சர்வீஸ் நோட்டுல, 'கோளாறும் மாமியார், ரிப்பேரும் மாமியார்'னு எழுதிட்டு பஸ் ஏறினேன்.