முழங்காலில் காது

என் அக்காவின் கணவருக்குப் பாம்புச் செவி. பழுதான வாஷிங் மெஷினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "பேரிங் போச்சு" என்பார். பிரித்துப் பார்த்தால் பேரிங்தான் போயிருக்கும். அக்கா மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். "நான் கூப்பிட்டா மட்டும் அந்தக் காது கேக்காது" என்பாள்.

அத்தானின் இன்னொரு பைத்தியம் அவருடைய ரிப்பேர் பட்டறைக்குப் பின்னால், வேலியோரப் புல்லில் இருந்தது. சுண்டுவிரல் நகத்தளவு பச்சை வெட்டுக்கிளி. யாராவது அதைப் பெரிய வெட்டுக்கிளியின் குஞ்சு என்று சொல்லிவிட்டால் போச்சு.

"குஞ்சா? நல்லா பாருங்க. உடம்பைவிட மீசை நீளம். பொட்டைக்கு வால்ல முட்டை வைக்கிற கத்தி முழுசா வளந்திருக்கு. இதோட சைஸே இவ்ளோதான். இந்த மண்ணோட பூச்சிங்க இது!"

முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே இருக்கும் அதன் காதை லென்ஸ் வைத்துக் காட்டுவார். அச்சு அசலாக அதைப் போலவே இன்னொரு வகையும் அங்கே உண்டு. பிரித்துச் சொல்வது குரல்தான். விட்டுவிட்டுக் கத்தினால் அது வேறு. 'ஸ்ஸ்' என்று உச்சக் குரலில் இழுத்தால் இவருடைய ஆள். புல்லோடு புல்லாக இருப்பதைத் தேடிப் பிடிப்பதும் சத்தத்தை வைத்துத்தான்.

இந்த வருடம் புல் வளர்ந்தும் சத்தமில்லை. மாலைதோறும் போய் நின்றுவிட்டு முகம் தொங்கத் திரும்பினார். பக்கத்துக் கிடங்கின் காவலாளி மருந்தடித்துக் கொன்றுவிட்டார் என்று முடிவுகட்டி, வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அந்த மனுஷன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தும் நம்பவில்லை. சாப்பாடு பாதியாகக் குறைந்தது.

ஒருநாள் சாப்பிடக் கூப்பிட அக்காவே வேலிக்கு வந்தாள். நானும் கூட வந்தேன்.

"பூச்சியே இல்லங்கிறீங்க, காதைக் குடையுதே!"

"எது?"

"ஸ்ஸ்னு இழுத்துக்கிட்டே இருக்கே. உங்களுக்குக் கேக்கலையா?"

எனக்கும் நன்றாகவே கேட்டது. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா கைகாட்டிய இடத்தில் குனிந்து, மெல்லப் புல்லை விலக்கினார். இருந்தது. குட்டைச் சிறகுகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"இப்பவும் கத்துதா?"

அக்கா தலையாட்டினாள். அவள் கண் நிறைந்துவிட்டது. காதை வைத்துப் பிழைக்கிற மனுஷன். என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் அவர் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாடா, அதுக்கு ஒண்ணும் ஆகல மாப்ளே! பாவம் அந்தக் காவலாளி, அவர்கிட்ட மன்னிப்பு கேக்கணும்."

அதற்குப் பிறகுதான் அவர் கை தன் காதுக்குப் போனது.